ஒன்றரை அடிச் சுவர் கொண்ட பழைய வீட்டில் அறைக்கு அறை நெட்வொர்க் கேபிள் இழுக்க வழி என்ன?

பட்டாசல் (அம்பாசமுத்திரம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு தாத்தா காலத்துக் கட்டடம். தெருவிலிருந்து ஏறினால் தார்சா (முன்கூடம்), அடுத்துப் பட்டாசல் (நடுக்கூடம்), பட்டாசலின் இரு பக்கமும் இரண்டு அரங்குகள் (உள்ளறைகள்), பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் புறவாசல் என்று நீளவாக்கில் போகும். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக ஒன்றரை அடி கனம். மேலே தேக்கு உத்தரங்கள் தாங்கும் மட்டப்பா (தட்டையான கூரை). புறவாசலைத் தாண்டி, முன்பு தொழுவம் இருந்த இடத்தில், கீழே ஓர் அறையும் மாடியில் ஓர் அறையுமாக ஆறு ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட்டில் கட்டினோம். அந்தக் கட்டுக்கு மின் இணைப்பும் மீட்டரும் தனி.

ஃபைபர் இணைப்பு தார்சாவில் வந்து நிற்கிறது. வைஃபை பட்டாசலில் குறையில்லாமல் கிடைக்கிறது. அரங்குக்குள் நுழைந்தவுடன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அறவே இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஒற்றைக் கோடாகத் தெரியும். பின்கட்டு மாடியில் அதுவும் கிடையாது. நான் வேலை பார்ப்பது அந்த மாடி அறையில்தான். இடையில் இரண்டு ரிப்பீட்டர்கள் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வாங்கிய அலையையே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகி, அந்தப் பாதியும் பாதியாகிறது. ஆகவே கேபிள் இழுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

டேப் பிடித்து அளந்ததில் தார்சாவிலிருந்து மாடி அறை வரை, வளைவுகளையும் சேர்த்து, 41 மீட்டர் வருகிறது. இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிப் பைப்பைப் புதைக்கலாம் என்கிறார். முடியாத இடத்தில் கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்து இழுத்துவிடலாம் என்கிறார். இரண்டுமே எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. அடுத்து, எந்தக் கேபிளை வாங்குவது? கடையில் மூன்று விலையில் மூன்று பெட்டிகளைக் காட்டுகிறார்கள். மூன்றின் மேலும் கேட்6 (கேபிளின் தரத்தைக் குறிக்கும் பெயர்) என்றுதான் அச்சிட்டிருக்கிறது.

மின்பணி (மேலப்பாளையம்)

தம்பி, நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வயரிங் வேலை செய்கிறவன். உங்கள் ஊர்க்காரரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவரில் காடி வெட்ட விடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சில் உளி பட்டால் வெட்டிய கோட்டோடு நிற்காது, பக்கத்தில் இரண்டு கைப்பிடி அகலத்துக்குப் பொருக்குப் பொருக்காக உதிரும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் இரண்டும் ஒட்டாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்ட் அந்த ஈரத்தை அடைத்து வைக்கும். இரண்டு மழைக்காலம் கழித்துப் பாருங்கள், வெட்டிய கோடு முழுவதும் உப்பிப் போய் வெள்ளைப் பூ பூத்திருக்கும். இதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் முன்பு தரைவழித் தொலைபேசி இருந்திருந்தால், அந்த வயர் எந்த வழியாகப் போனது என்று முதலில் தேடுங்கள். அந்தக் காலத்தில் வேலை செய்தவர்கள் சுவரைக் கெடுக்காமல் கதவு நிலையின் தலைக்கு மேலோ, காற்றுக்கு விட்ட துவாரத்தின் வழியாகவோ கொண்டுபோயிருப்பார்கள். அந்த வழியே உங்களுக்கும் வழி. அறைக்குள் உத்தரத்தின் பக்கவாட்டில், சுவரும் கூரையும் சேரும் மூலையில், ஒரு அங்குலக் கேசிங் கேப்பிங் (மூடியுள்ள பிளாஸ்டிக் பட்டை) அடித்துச் சுவரின் நிறத்தையே அதன் மேலும் பூசிவிட்டால், அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குக்கூட எளிதில் தெரியாது.

சுவரைத் துளைத்தே ஆக வேண்டிய இடத்தில் 16 மி.மீ. கனமும் 600 மி.மீ. நீளமும் உள்ள பிட் வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியல் அடியை நிறுத்திவிட்டுச் சுழற்சியில் மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். செங்கல்லின் நடுவில் குத்தாமல் காரைச் சேர்க்கையில் குத்துங்கள். வெளிச்சுவர் என்றால் துளை உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாக இறங்க வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் துளை வழியாகவே வீட்டுக்குள் வரும். துளையில் ஒரு துண்டு பிவிசி பைப்பைச் செருகிய பிறகே கேபிளை விடுங்கள்.

கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் இழுப்பது தவறு. அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

கரிசல்மண் (சங்கரன்கோவில்)

மின்பணி அண்ணாச்சியின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆயினும் கடைசி வரியில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் வீட்டில் கீழிருந்து மாடிக்குச் செல்லும் ஒரே பைப்பில் லைட், ஃபேன் வயர்களோடு கேட்5இ கேபிளும் ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறது. வேகத்தில் குறை இல்லை, இணைப்பு அறுந்ததும் இல்லை. கேபிளுக்குள் இருக்கும் கம்பிகள் இரண்டிரண்டாக, இணை இணையாக முறுக்கப்பட்டிருப்பதே வெளி இரைச்சலைத் தாங்குவதற்குத்தானே? தனிப் பைப் போட முடியாதவர்களை வீணாக அச்சுறுத்த வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தெற்கு பஜார் (பாளையங்கோட்டை)

கரிசல்மண் சொல்வதில் பாதி சரி. ஒரு கல்லூரியின் வலையமைப்பைப் பராமரிக்கும் பணியில் இருப்பதால் இரைச்சலைப் பற்றி உறுதியாகவே எழுதுகிறேன். ஒவ்வோர் இணையிலும் ஒரு கம்பியில் ஏறும் மின்னழுத்தத்துக்கு நேர் எதிரானது மற்றொரு கம்பியில் ஏறுகிறது. எதிர்முனை இவ்விரண்டின் வேறுபாட்டை மட்டுமே படிக்கிறது. பக்கத்தில் போகும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவாகப் படிவதால், கழிக்கும்போது அது மறைந்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் வீட்டில் வேகம் குறையவில்லை.

ஆனால் ஒரே பைப் கூடாது என்பதற்கு இரைச்சலை விடப் பெரிய காரணம் உயிர். நெட்வொர்க் கேபிளின் மேலுறை 230 வோல்ட்டைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதல்ல. பைப்புக்குள் வயர் இழுக்கும்போது பெண்டில் (பைப் வளைவில்) உரசி மின்கம்பியின் உறை எங்காவது ஓரிடத்தில் உரிந்திருந்து, அந்த இடம் இந்தக் கேபிளின் மேல் பட்டுக் கேபிளின் உறையும் தேய்ந்துவிட்டால், அந்த 230 வோல்ட் உங்கள் கணினியின் சாக்கெட்டுக்கே வந்து நிற்கும். ஐந்து ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த உறை இன்னும் தேயவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. தனிப் பைப், தனிப் பெட்டி. இரண்டும் பக்கம் பக்கமாகப் போகும் இடத்தில் குறைந்தது 50 மி.மீ. இடைவெளி விடுங்கள், தாண்டியே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகத் தாண்டுங்கள்.

இனிக் கேபிள். 41 மீட்டருக்கு 1 கிகாபிட் போதும் என்றால் நல்ல கேட்5இ கேபிளே தாராளம். அது 100 மீட்டர் வரை அந்த வேகத்தைக் கொடுக்கும். இருந்தாலும் புதிதாக இழுப்பவர்களுக்கு நான் கேட்6 என்றே சொல்வேன். ஒருமுறை செய்யும் வேலையில் கேபிளின் விலை வித்தியாசம் கூலியோடு ஒப்பிட்டால் சிறியது. பிற்பாடு 10 கிகாபிட் கருவிகள் மலிந்தால் 55 மீட்டருக்குள் அதுவும் இதிலேயே ஓடும். கேட்6ஏ கனமானது, வளைக்கக் கடினமானது, வீட்டுக்கு அவசியமில்லை. மேலே தகடு சுற்றிய ஷீல்டட் வகையும் வேண்டாம், ஏனென்றால் முறையாக எர்த் செய்யாத தகட்டால் நன்மையை விடத் தொல்லைதான் அதிகம்.

மூன்று விலைக்கு விடை பெரும்பாலும் பெட்டிக்கு உள்ளே இருக்கிறது. மலிவான பெட்டியில் இருப்பது அலுமினியக் கம்பியின் மேல் செம்பு முலாம் பூசியதாக இருக்கும். அதன் மின்தடை செம்பைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கேபிள் வழியாகவே கேமராவுக்கோ வைஃபை கருவிக்கோ மின்சாரம் அனுப்பும்போது அது சூடாகும். நான்கு முறை வளைத்தால் ஒடியும். கடைக்காரரிடம் ஒரு விரற்கடைத் துண்டு கேட்டு வாங்கி, பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்.

எடையும் காட்டிக்கொடுக்கும். 305 மீட்டர் முழுப் பெட்டியில், 23 கேஜ் (கம்பியின் கனத்தைக் குறிக்கும் அளவு) கம்பி எட்டு இருக்கும்போது, செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்குக் குறையாது. அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு பெட்டிகளையும் இரண்டு கைகளில் தூக்கினாலே தெரிந்துவிடும்.

பட்டாசல் (அம்பாசமுத்திரம்)

தெற்கு பஜார் அக்கா சொன்னபடியே இன்று கடைக்குப் போனேன். மூன்று பெட்டிகளிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி, வாசல் வெளிச்சத்தில் வைத்துச் சுரண்டினேன். நடுவிலை, மேல்விலை இரண்டிலும் எவ்வளவு சுரண்டினாலும் கருப்பட்டி நிறச் சிவப்பே வந்தது. குறைந்த விலைக் கம்பியில் இரண்டாவது இழுப்பிலேயே சிவப்பு போய், தலைமுடி அகலத்துக்கு வெள்ளிக்கோடு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கம்பியை விரலால் இப்படியும் அப்படியும் வளைத்தேன். ஐந்தாவது வளைப்பில் முறிந்தது. கடைக்காரரும் என்னோடு சேர்ந்து பார்த்தார், அவருக்கே இது புதிய செய்தி. நடுவிலைக் கேட்6 கேபிளை ஒரு பெட்டி எடுத்துவிட்டேன்.

பழைய தொலைபேசி வழியும் கிடைத்துவிட்டது. தார்சாவுக்கும் பட்டாசலுக்கும் நடுவிலுள்ள நிலைக்கு மேலே, சுண்ணாம்பு அடித்து அடித்து மூடிப்போன ஒரு துவாரம் இருந்தது. திறந்தபோது உள்ளே மண்குளவிக் கூடும், அந்தப் பழைய கறுப்பு வயரின் ஒரு சாண் துண்டும் இருந்தன.

குற்றாலச்சாரல் (தென்காசி)

பட்டாசல் அண்ணாச்சி, கேபிள் வாங்கியாகிவிட்டது என்று படித்ததும் அவசரமாக எழுதுகிறேன். முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் புறவாசல் வழியாகச் செம்புக் கேபிள் போட வேண்டாம். பின்கட்டுக்குத் தனி மீட்டர் என்று நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

எங்கள் தோட்டத்து வீட்டுக்கும் நூறு அடி தள்ளியிருக்கும் மோட்டார் அறைக்கும் கேமராவுக்காகச் செம்புக் கேபிள் போட்டிருந்தோம். ஓர் ஐப்பசி மாலை, மழைக்கு முந்திய இடி. மின்னல் எங்கள் வீட்டில் விழவில்லை, பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னையில் விழுந்தது. ஆனால் மோட்டார் அறைக் கேமரா, வீட்டு நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் கருவி), ரவுட்டர், ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருந்த தொலைக்காட்சி ஆகிய நான்கும் ஒரே நொடியில் போயின. ஸ்விட்சைத் திறந்து பார்த்தபோது அந்தக் கேபிள் செருகியிருந்த முனைக்குப் பின்னால் பலகை கருகி, ஒரு சிறு சில்லு வெடித்துப் பிளந்திருந்தது.

இரண்டு கட்டடங்களுக்கு இரண்டு எர்த் இருக்கும்போது, இடி நேரத்தில் ஒரு கட்டடத்து மண்ணின் மின்னழுத்தமும் மற்றொன்றின் மின்னழுத்தமும் ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபடும். இடையே செம்புக் கம்பி இருந்தால் அந்த வேறுபாடு அதன் வழியாகத்தான் சமமாகும். சித்திரை இடியும் ஐப்பசி இடியும் நம் பக்கத்தில் எப்படி இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் என்பது கண்ணாடி இழை; அதில் மின்சாரம் ஓடாது. அந்த இடைவெளியை மட்டும் ஃபைபரில் தாண்டுங்கள்.

மின்பணி (மேலப்பாளையம்)

தென்காசிக்காரர் சொன்னது முழுக்க உண்மை. தனி மீட்டர் என்பதை நான் கவனிக்காமல் விட்டது என் பிழை. ஒரே மீட்டர், ஒரே எர்த் என்றிருந்தாலும், வெட்டவெளியில் போகும் நீளத்துக்கு ஃபைபரே நல்லது.

தெற்கு பஜார் (பாளையங்கோட்டை)

ஃபைபர் என்றதும் தயங்க வேண்டாம். இரண்டு முனையிலும் தலை பொருத்தியே விற்கும் ஒற்றையிழை ஃபைபர் 20, 30, 50 மீட்டர் நீளங்களில் கிடைக்கிறது. நீங்கள் எதையும் உருக்கி ஒட்ட வேண்டியதில்லை. இரு முனைக்கும் ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டர் (கேபிளின் மின்செய்தியை ஒளியாகவும் ஒளியை மின்செய்தியாகவும் மாற்றும் கருவி) வேண்டும். வாங்கும்போது ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் ஒரே இழையில் போகவும் வரவும் வேண்டியிருப்பதால் ஒன்று 1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றொன்று தலைகீழ். இரண்டும் ஒரே வகையாக வந்துவிட்டால் இணைப்பு விளக்கு எரியவே எரியாது.

ஓர் எச்சரிக்கை. தெருக்கம்பத்திலிருந்து வீடுகளுக்கு இழுக்கும் தட்டையான கறுப்பு டிராப் கேபிளைச் சிலர் மலிவு என்று வாங்குவார்கள். அதன் ஓரத்தில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். அந்தக் கம்பியோடு இரண்டு கட்டடத்துக்குள்ளும் கொண்டுபோய்விட்டால், எதற்காக ஃபைபர் போட்டோமோ அந்தப் பயன் இல்லாமல் போகும். உலோகமே இல்லாத, நாரிழை வலுவூட்டிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வைகுண்டத்தார் (ஸ்ரீவைகுண்டம்)

இந்த உரையாடலில் எல்லோரும் சுவரைப் பற்றியும் மேலே உள்ள வழிகளைப் பற்றியும் பேசுகிறீர்கள். நான் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதும், தாமிரபரணி கரை மீறியதும் இங்குள்ள யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் வீட்டுப் பட்டாசலில் இடுப்பளவு தண்ணீர் நின்றது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் நெட்வொர்க் பெட்டிகளைப் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்திருந்தோம். தண்ணீர் வடிந்த பின் பெட்டியைத் திறந்தால் உள்ளே வண்டல் கெட்டியாகப் படிந்திருந்தது. சேற்றைக் கழுவிவிட்டோம், விளக்கும் எரிந்தது. மூன்று மாதம் கழித்துச் சாக்கெட்டின் செம்புப் பற்களில் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பேறி ஒவ்வொன்றாக அறுந்தது. தரைக்கு அடியில் போட்ட பைப்பில் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியே இல்லை. அந்தக் கேபிளை முழுவதும் உருவி எடுக்க வேண்டியதாயிற்று. உத்தர உயரத்தில் போன கேபிளுக்கு ஒரு சேதமும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாப் பெட்டியும் நாலரை அடிக்கு மேலே இருக்கின்றன. ஸ்விட்ச், ரவுட்டர், பேட்டரி மூன்றும் பரணுக்குப் பக்கத்தில். நாற்காலி போட்டு ஏறித்தான் பார்க்க வேண்டும், பரவாயில்லை. அம்பாசமுத்திரமும் ஆற்றங்கரை ஊர்தான் அண்ணாச்சி. புறவாசலில் ஃபைபரைத் தரையில் புதைக்காமல் மேலாகக் கொண்டுபோகப் பாருங்கள்.

புதுமனை (வள்ளியூர்)

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடு இப்போதுதான் கட்டுமானத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் பூச்சு வேலை. காடி வெட்டிப் பைப் புதைக்க இதுவே நேரம் என்று கொத்தனார் சொல்கிறார். முக்கால் அங்குலப் பைப் போதுமா? ஒவ்வோர் அறைக்கும் எத்தனை கேபிள் தேவைப்படும்?

மின்பணி (மேலப்பாளையம்)

ஒரு அங்குலம், அதாவது 25 மி.மீ. பைப் போடுங்கள். பைப்பின் உள்ளிடத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது கணக்கு. அந்தக் கணக்கில் 25 மி.மீ. பைப்பில் நான்கு கேட்6 கேபிள் தாராளமாகப் போகும். முக்கால் அங்குலத்தில் இரண்டு போட்டாலே பெண்டில் சிக்கும். ஓர் அறைக்கு இரண்டு கேபிள் இழுத்துவிடுங்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கும், கெடாவிட்டால் இரண்டுக்கும் வேலை வரும்.

அதைவிட முக்கியம் பெண்டு. கடையில் விற்கும் செங்கோண எல்போவை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். நீண்ட பெண்டு மட்டும் போட வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில் இரண்டு பெண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது பெண்டு வரும் இடத்தில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள். பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் பைப்போடு சேர்த்துப் புகைப்படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தை நினைத்து நன்றி சொல்வீர்கள். எல்லாப் பைப்பிலும் ஒரு நைலான் கயிறு கிடக்கட்டும். கேபிள் இன்று ஒரு வகை, நாளை வேறு வகை; பைப் சரியாக இருந்தால் எதையும் மாற்றிக்கொள்ளலாம், பைப் தப்பினால் சுவரை உடைப்பதைத் தவிர வழியில்லை.

பட்டாசல் (அம்பாசமுத்திரம்)

வேலை முடிந்தது, ஆனால் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தார்சாவிலிருந்து அடுக்களை வரை உத்தர ஓரத்தில் கேசிங். மொத்தம் மூன்று துளைகள்தான் புதிதாகப் போட்டோம். அரங்குச் சுவரைத் துளைக்கும்போது வெளிவந்த தூள் பால் போல வெண்மையாக, மாவாக இருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இந்தக் காரையை மாதக்கணக்கில் புளிக்க வைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்ததாக ஆச்சி சொல்வாள் என்றார்கள். அந்தச் சுவரில் காடி வெட்டாமல் தடுத்த மின்பணி அண்ணாச்சிக்கு இதற்காகவே நன்றி சொல்ல வேண்டும். அடுக்களைப் பின்சுவரிலிருந்து பின்கட்டு மாடி வரை, தட்டட்டி (மொட்டைமாடி) விளிம்போடு உலோகமில்லாத ஃபைபர். வெயில் படும் இடம் முழுவதும் பைப்புக்குள்ளேயே போகிறது. கன்வெர்ட்டர் விளக்குகள் இரண்டு முனையிலும் பச்சையாக எரிகின்றன. பின்கட்டில் வேகமும் முழுதாக வருகிறது.

சிக்கல் வலப்பக்க அரங்கில். முனைகளைப் பொருத்த வந்த பையன் ஆர்ஜே45 பிளக்குகளை (நெட்வொர்க் கேபிளின் எட்டுப் பல் பிளக்) நேரடியாகக் கேபிளிலேயே கிரிம்ப் செய்து, அதாவது அழுத்திப் பொருத்திக் கொடுத்தான். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை எல்லா விளக்கும் வரிசையாக எரிகின்றன. ஆனால் கணினியில் செருகினால் 1 கிகாபிட்டுக்குப் பதிலாக 100 மெகாபிட் என்று காட்டுகிறது. அதுவும் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது அறுந்து அறுந்து ஒட்டுகிறது. நீளம் 22 மீட்டர்தான். கேபிளே கெட்டதா?

தெற்கு பஜார் (பாளையங்கோட்டை)

கேபிள் மேல் சந்தேகம் வேண்டாம். பிளக்கின் கொக்கி உங்களுக்கு எதிர்ப்புறமாகவும் செம்புப் பற்கள் மேல் நோக்கியும் இருக்குமாறு பிடித்து, இடமிருந்து வலமாக நிறங்களை எழுதுங்கள்.

பட்டாசல் (அம்பாசமுத்திரம்)

ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பச்சை, நீல வெள்ளை, நீலம், பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசைதான்.

தெற்கு பஜார் (பாளையங்கோட்டை)

இதுதான் நோய். பார்க்க ஒழுங்காக இருக்கும், டெஸ்டரும் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் டெஸ்டர் ஒவ்வொரு கம்பியும் மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. எந்தக் கம்பி எதனோடு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. விதிப்படி 3-வது பல்லும் 6-வது பல்லும் சேர்ந்து ஓர் இணை. 4-வதும் 5-வதும் ஓர் இணை. அந்தப் பையனின் வரிசையில் 3-இல் பச்சை வெள்ளை, 6-இல் நீலம். ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாத இரண்டு கம்பிகளில் ஓர் இணையின் செய்தி போகிறது. நான் மேலே எழுதிய அந்தக் கழித்தல் கணக்கு அங்கே நடக்காது. பக்கத்து இணையின் செய்தி இதில் கசியும். குட்டையான கேபிளில் சில வேளை தப்பித்துக்கொள்ளும், 22 மீட்டரில் தப்பாது.

சரியான வரிசை, டி568பி முறைப்படி: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. நீல இணையைப் பச்சை இணை இரு பக்கமும் அணைத்து நிற்கும், அதை மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது.

மீண்டும் பிளக் அடிக்க வேண்டாம். சுவருக்குள் போவது, ஒவ்வொரு கம்பியும் பல இழைகளாக இல்லாமல் ஒரே கெட்டிக் கம்பியாக உள்ள கேபிள். அதை ஐஓ சாக்கெட்டில் (சுவரில் பொருத்தும் நெட்வொர்க் சாக்கெட்) பஞ்ச் செய்து, அதாவது கம்பிகளைப் பள்ளங்களில் அழுத்திப் பொருத்தி, சுவரோடு நிறுத்திவிட்டு, அங்கிருந்து கணினிக்கு மென்மையான பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள குட்டைக் கேபிள்) போடுவதே முறை. சாக்கெட்டின் பக்கவாட்டில் ஏ, பி என்று இரண்டு நிற வரிசைகள் அச்சிட்டிருக்கும். இரு முனையிலும் பி வரிசையைப் பாருங்கள். முறுக்கைப் பிரிப்பது 13 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பெட்டிக்குள் ஒரு சாண் கேபிளைச் சுருட்டி விட்டு வையுங்கள்.

பட்டாசல் (அம்பாசமுத்திரம்)

நேற்று இரவு நானே உட்கார்ந்து செய்தேன். முதல் சாக்கெட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு கம்பியையும் அதன் பள்ளத்தில் வைத்துப் பஞ்ச் டூலை அழுத்தியதும், டக்கென்று ஒரு சத்தத்தோடு மிச்சக் கம்பி துண்டாகித் தெறிக்கிறது; அந்தச் சத்தம் அமுங்கலாக வந்த ஓர் இடத்தில் பழுப்புக் கம்பி பாதியிலேயே நின்றிருந்ததைக் கண்டு மறுபடி அழுத்தினேன். இரண்டாவது சாக்கெட் பத்து நிமிடத்தில் முடிந்தது.

இப்போது 1 கிகாபிட் என்று காட்டுகிறது. ஐபெர்ஃப் (வேகம் அளக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்த்ததில் நொடிக்கு 940 மெகாபிட் வருகிறது. அரங்கில் உட்கார்ந்து அம்மா மருத்துவரோடு காணொளியில் பேசினார்கள், ஒருமுறைகூடப் படம் உறையவில்லை. அக்காவுக்கும் இங்கே எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் வைகுண்டத்தார் சொன்னபடி நிலைக்கு மேலே பலகையில்தான் இருக்கின்றன.

வைகுண்டத்தார் (ஸ்ரீவைகுண்டம்)

மகிழ்ச்சி அண்ணாச்சி. ஒன்று மட்டும்: இரண்டு முனையிலும் எந்த அறைக் கேபிள் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஒரே கேபிளின் இரு தலையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டார்கள். அனுப்பிய செய்தியே சுற்றிச் சுற்றி வந்து, வீடு முழுவதும் இணையம் நின்றுபோனது. அரை நாள் தேடிய பிறகே காரணம் தெரிந்தது.

கரிசல்மண் (சங்கரன்கோவில்)

தெற்கு பஜார் எழுதியதைப் படித்துவிட்டு, மெயினை நிறுத்தி எங்கள் மாடிப்படி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். பெண்டு தொடங்கும் இடத்தில் நெட்வொர்க் கேபிளின் சாம்பல் உறை ஒரு நகக்கண் அளவுக்குத் தேய்ந்து, உள்ளே நீலக் கம்பி தெரிந்தது. மின்கம்பியின் உறை நல்லவேளையாக முழுதாக இருக்கிறது. அதை உருவி எடுத்துத் தனியாகக் கேசிங்கில் கொண்டுபோக முடிவு செய்திருக்கிறேன். உருவும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா அண்ணாச்சி?

மின்பணி (மேலப்பாளையம்)

பார்த்தது நல்லது. மெயினை இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்தக் கம்பியையும் தொடாதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், மெயினை இறக்கினாலும் அதன் லைனில் கரண்ட் இருக்கும். கேபிளை மேலிருந்து இழுக்காமல் கீழிருந்து, ஒருவர் மேலே தள்ளிக்கொடுக்க, மெதுவாக இழுங்கள். மின்கம்பியும் சேர்ந்து நகர்ந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், வலிந்து இழுத்தால் இப்போது நன்றாக இருக்கும் உறையும் உரியும். அப்படி நின்றுவிட்டால் கேபிளின் இரு முனையையும் வெட்டி, டேப் சுற்றி, அப்படியே பைப்புக்குள் விட்டுவிடலாம். பயன்படுத்தாத கேபிள் உள்ளே கிடப்பதால் கேடில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையாகச் சங்கரன்கோவில் வருகிறேன். அதுவரை பொறுத்தால் இருவரும் சேர்ந்தே உருவிவிடலாம்.